காற்றில் பிடித்த டேப்

பிள்ளைகளே, நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்கைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால், ஒரு தகுதியும் இல்லை. ஆனால் ஒரு கணக்கு எனக்குச் செய்த நன்மையை எழுதலாம் அல்லவா? அதை மட்டும் எழுதுகிறேன்.

கொல்லிமலையில் எங்களுக்குச் சரிவான காடு ஒன்று இருக்கிறது. மேல்பக்கம் சில்வர் ஓக் மரங்களில் மிளகு, கீழ்ப்பக்கம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. நாலு வருஷத்துக்கு முன்னால் அதை அளக்க மலைக்குக் கீழேயிருந்து ஓர் அரசாங்க சர்வேயர் வந்தார். அவருக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன்.

சர்வேயர் மேலே உட்கார்ந்து டேப்பை மண்ணோடு வைத்துப் பிடித்தார். மச்சான் சரிவில் சற்றுக் கீழே நின்று, தன் முனையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மட்டமாகப் பிடித்தார். அந்த முனையிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் ஒரு முளைக்குச்சி அடித்தார். அந்தக் குச்சியிலிருந்து மறுபடியும் அதே மாதிரி. இப்படியே படி இறங்குவது போலக் காட்டின் அடிவரை இறங்கினார்கள். கடைசியில் எண்பத்தெட்டு அடி என்றார்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து தரையோடு கயிறு போட்டு நாங்கள் அளந்து வைத்திருந்தது நூறு அடி.

நான் கத்தினேன்.

"ஏனுங்க மச்சான், டேப்பைக் காத்துல புடிச்சா காடு எப்படிங்க முழுசா வரும்? மண்ணுல போட்டு அளங்க!"

"மாப்பிள்ளை, மட்டமாப் புடிச்சாத்தான் அது அளவு. என் காட்டையும் இப்பிடித்தான் அளந்தாங்க."

"உங்க காட்டை யாரு பார்த்தா? தங்கச்சி ஊட்டுக் காட்டைக் குறைக்கோணும்னே வந்தீங்களா?"

பத்துப் பேர் பார்க்க இப்படிச் சொன்னேன். மச்சான் டேப்பைச் சுற்றிச் சர்வேயரிடம் கொடுத்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், போய்விட்டார். அதன்பின் என் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. என் மகள் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீரை ஆள் மூலம்தான் கொடுத்தனுப்பினார். அந்தத் தட்டை வாங்கி வைத்த என் மனைவி பிறகு ஒரே ஒரு தடவை கேட்டாள். "எங்கண்ணன் திருடுவாருன்னு நம்பறீங்களா?"  அந்தப் பன்னிரண்டு அடி எங்கே போனது என்று யாராவது எனக்குக் காட்டட்டும் என்றிருந்தேன்.

மச்சானின் வீடு இதே மலையில், வளப்பூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில். பஸ் நிற்பது அவர் வாசலுக்கு நேர் எதிரில். வேலையாகப் பலமுறை அங்கே இறங்கியிருக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவேன்.

இந்த வருஷம் மிளகு காயப்போட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மகள் பதினொன்றாம் வகுப்பு. திருப்புதல் தேர்வுக்கு முன்னால் ஆளுக்கொரு பழைய கணக்கைக் கொடுத்து, வகுப்பில் விளக்கச் சொல்லியிருந்தார் அவளுடைய டீச்சர். அவள் நோட்டோடு என்னிடம் வந்தாள்.

"அப்பா, இப்படி உக்காருங்க. நாளைக்கு நான் இதை கிளாஸ்ல சொல்லணும். உங்களுக்குப் புரிஞ்சா கிளாஸுக்கே புரியும்."

"ஏன் கண்ணு, நான் அவ்வளவு மக்கா?"

"மக்குன்னா சொன்னேன்? பொறுமையாக் கேப்பீங்கன்னு சொன்னேன்."

வாசலில் மிளகைத் துழாவிக்கொண்டிருந்த என் மனைவி, "மக்குன்னுதான் சொன்னா, எனக்கே கேட்டுச்சு" என்றாள்.

நோட்டில் கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தது. படுக்கையாக ஒரு கோடு. அது எக்ஸ் அச்சாம். அதில் வரிசையாக எண்கள். அதன் மேல் நம் மலை மாதிரியே ஏறி இறங்கும் ஒரு வளைவு. இடது பக்கம் மை நிரப்பிய புள்ளியில் தொடங்கி, மேலே ஏறி, சரிந்து, அச்சுக்கும் கீழே கொஞ்சம் போய், மறுபடி எழுந்து வலது பக்கம் ஓர் ஓட்டை வட்டத்தில் முடிந்தது.

"சார்புங்கறது ஒரு எண்ணைக் கொடுத்தா ஒரே ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுக்கறது. எந்தெந்த எண்ணையெல்லாம் கொடுக்க முடியுமோ, அதெல்லாம் சேர்ந்து சார்பகம். இந்தப் படத்தைப் பார்த்து சார்பகம் எதுன்னு சொல்லணும். சொல்லுங்க பார்க்கலாம்."

இது எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்கிறாள் என எனக்குப் பட்டது. சாக்குத் தைக்கும் நூலை எடுத்தேன். புள்ளியிலிருந்து வட்டம் வரை வளைவின் மேலேயே நூலைப் படியவைத்து, பிறகு நூலை நீட்டிக் கட்டங்களை எண்ணினேன்.

"பன்னெண்டு கட்டம் கண்ணு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, ரோடு போட காண்ட்ராக்ட் எடுத்திருக்கீங்களா? வளைவோட நீளத்தை யாரு கேட்டா?"

அப்புறம் அவள் ஒன்று செய்தாள். நோட்டைச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்தாள். என் கையிலிருந்த நூலை வாங்கி, நுனியில் பேனா மூடியைக் கட்டித் தாளுக்கு முன்னால் தொங்கவிட்டாள். அவள் விரல் வளைவின் மேலேயே நகர்ந்தது. நூல் நேராகக் கீழே தொங்கியது.

"நூல் அச்சை எங்க தொடுதோ அதை மட்டும் பாருங்க. இந்தப் புள்ளிக்கு நேர் கீழ மைனஸ் மூணு. இது மைனஸ் ரெண்டு. வளைவு எவ்வளவு ஒசரம் போனாலும் கீழ ஒவ்வொரு கட்டமாத்தான் நகரும். அச்சுக்குக் கீழ இருக்கற இடத்துக்கு மட்டும், அங்கிருந்து நேரா மேல ஏறி அச்சைத் தொடணும். கடைசி வட்டம் அஞ்சுக்கு நேரா இருக்கு. ஆக, மைனஸ் மூணுல இருந்து அஞ்சு வரைக்கும். மொத்தம் எட்டுக் கட்டந்தான்."

நான் அந்தப் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மச்சான் கையிலிருந்த தூக்குக்குண்டு.

"கண்ணு, மேல ஏத்தம் இறக்கம் கூடுனா கீழே அளவு கூடுமா?"

"கூடாதுங்கப்பா."

"அப்ப நூல்ல அதிகமா வந்த நாலு கட்டம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலீங்கப்பா. அது ஏறி இறங்கினதோட நீளம். அது வேற கேள்வி. இங்க கேக்கறது அது இல்ல."

நாலு வருஷமாக நான் கேட்டதற்கு, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பேனா மூடியை ஆட்டிக்கொண்டே பதில் சொல்லிவிட்டது. பன்னிரண்டு அடியை யாரும் எடுக்கவில்லை. என் கயிறும் பொய் சொல்லவில்லை, மச்சானின் டேப்பும் பொய் சொல்லவில்லை. அரசாங்கம் கேட்ட கேள்வி ஒன்று, நான் பதில் வைத்திருந்த கேள்வி இன்னொன்று. மலையில் எல்லார் காட்டையும் அப்படி மட்டமாகத்தான் அளக்கிறார்கள்.

நான் எழுந்து சட்டையை மாட்டினேன். எங்கே என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் கையில் ஒட்டியிருந்த மிளகைத் தட்டிவிட்டு, "அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க. வெறுங்கையோட போனா எங்கண்ணன் நம்ப மாட்டாரு" என்றாள். மகள் முழித்தாள். "அப்பா, நாளைக்கு அது எனக்கு வேணும்!"

மச்சான் வீட்டுக்குப் பின்னால் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். நான் போய் ஏணியைப் பிடித்தேன். கீழே பார்த்தார். ஒரு கொத்து பறித்துப் பையில் போட்டார். அப்புறம் இன்னொரு கொத்து.

"மச்சான், அன்னிக்கு நான் பேசினது தப்புங்க."

இறங்கி வந்தார். நோட்டை விரித்து, நூலைத் தொங்கவிட்டு, மகள் சொன்னதை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினேன். அவர் முழுசாகக் கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, இதைத்தானே அன்னிக்கு நான் குண்டைக் கட்டிக் காட்டினேன்? பேப்பர்ல போட்டாத்தான் உங்க மண்டையில ஏறுமா?"

"புள்ளை சொன்னாத்தான் ஏறுதுங்க."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "வாங்க. அந்தப் புள்ளையைப் பார்க்கோணும்."

பொழுது சாய்வதற்குள் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினோம். என் மனைவி அண்ணனைப் பார்த்ததும் அடுப்படிக்குள் போய்விட்டாள். வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது. மச்சான் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

"எல்லாம் புரிஞ்சுது சாமி. இந்த ஓட்டை வட்டம் எதுக்கு? இதை உங்கப்பன் சொல்லவே இல்ல."

"அது அஞ்சுக்கு நேரா இருக்குங்க மாமா. வளைவு அஞ்சுக்கு எவ்வளவு பக்கத்துல வேணும்னாலும் வரும். ஆனா அஞ்சு மட்டும் சார்பகத்துல சேராது. உள்ள மை நிரப்பியிருந்தா சேரும்."

"ஓகோ. நாலு வருஷமா என் வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போனாரே உங்கப்பன், அந்த மாதிரி."

என் மனைவி முதல் ஆளாகச் சிரித்தாள்.

மறுநாள் மகள் வகுப்பில் பேனா மூடியைத் தொங்கவிட்டே விளக்கினாளாம். அவளுக்கும், கணக்கைக் கொடுத்த டீச்சருக்கும், தப்பு என்று நான் சொன்னதும் ஏணியிலிருந்து இறங்கி வந்த மச்சானுக்கும் நான் நன்றிக்கடன்பட்டவன். அந்தச் சர்வேயரையும் அன்று திட்டினேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியவில்லை. உங்களில் யாராவது அவர் பிள்ளையாக இருந்தால், அவர் சரியாகத்தான் அளந்தார் என்று நான் சொன்னதாக உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.