அண்ணன் ரூம் வழியாகப் போன கேபிள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். இரண்டு முதலாளிகள் வீட்டிலும் கை நனைத்தவன் நான். ஆனால் சாமி கும்பிடக் கண்ணை மூடினால் இதுதான் முன்னே வந்து நிற்கிறது. எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டையில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். முதலாளிகள் அண்ணன் தம்பி. பரளச்சியில் இருந்த புஞ்சையைப் பாகம் பிரித்தபோது, அண்ணன் பங்கு வழியாகப் போன வண்டிப்பாதைக்காகச் சண்டை வந்து பேச்சு நின்றுவிட்டது. கடையை மட்டும் பிரிக்கவில்லை. அதில் லாபம் வந்துகொண்டிருந்தது.

கணக்கெல்லாம் ஹாலில் இருந்த சர்வரின் டிஸ்க்கில் கிடந்தது. அங்கிருந்து கறுப்புக் கேபிள் அண்ணன் ரூமுக்குள் நுழைந்து, அவர் மிஷினைத் தொட்டு, தம்பி ரூமுக்குப் போகும். நடுவில் எங்கே கழற்றினாலும் எல்லார் மிஷினுக்கும் டிஸ்க் எட்டாமல் போய்விடும்.

ஒரு சித்திரை மத்தியானம். பருத்தி லோடு ஏறி லாரி நிற்கிறது. பில் வந்தால்தான் நகரும். தார்ப்பாய் யார் செலவு என்று முடிவாகாததால் பழைய கிழிசல்தான் மேலே. திருச்சுழிப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. தம்பி ரூமில் திரை டிஸ்க்கைக் காணோம் என்றது.

"மூடை நனைஞ்சா நாளைக்கு நீ வர வேணாம்" என்றார் தம்பி.

பக்கத்து ரூமுக்கு ஓடினேன். கழற்றிய கேபிள் முனையை அண்ணன் கையிலேயே வைத்திருந்தார்.

"என் ரூம் வழியா அவன் வயரு போக யாரைக் கேட்டான்?"

"உங்க மிஷினும் சேர்ந்துல்ல படுத்துருச்சு, மொதலாளி."

"படுக்கட்டும். அவனுது படுத்துருச்சுல்ல?"

திரும்பி வந்தேன். "பாதைய மறிக்கிறதுதான் அவுக தொழிலான்னு கேளு" என்றார் தம்பி.

அண்ணனிடம் போய், "கொஞ்சம் மாட்டித் தரணுமாம்" என்றேன்.

"அவன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. சுவருதான இருக்கு நடுவுல. அவனையே வந்து கேக்கச் சொல்லு."

ஊரே மழைக்கு ஏங்கிக் கிடந்த நேரத்தில் மழை வேண்டாம் என்று முருகனிடம் மன்றாடியவன் நான் ஒருவன்தான். தகரத்தில் முதல் சொட்டு விழுந்தது. தம்பி அண்ணன் ரூம் வாசலில் வந்து நின்றார். நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணே, வயரு."

அண்ணன் காலண்டரைப் பார்த்துக்கொண்டே முனையை என்னிடம் நீட்டினார். "மாட்டிக்கிரச் சொல்லு."

மாட்டினேன். டிஸ்க் வந்தது, பில் வந்தது, லாரி கிளம்பியது. மழை நாலு சொட்டோடு போய்விட்டது. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் வானத்தைத் திட்டினார்கள். நான் சத்தம் காட்டாமல் சூடம் ஏற்றினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். லைன் இழுக்கும் முன், அங்கே யார் யாரோடு பேசுவதில்லை என்று விசாரியுங்கள். கேபிளை அப்புறம் அளக்கலாம்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று கடைசியில் சேர்த்துவிடாதீர்கள். அழவில்லை. மறுநாளும் என்னிடம்தான் சொல்லியனுப்பினார்கள்.