உப்பு மட்டும் நிற்கவில்லை

தண்ணீர் ஃபில்டர் விற்பவனை யாரும் நல்ல நாளில் கூப்பிடுவதில்லை. வீடு வீடாகப் பெட்டி தூக்கி அலைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சிதம்பரத்தில் கடை; கடலூர் வரை பஸ்ஸில் போய் மாட்டிக் கொடுப்பது என் வேலை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கடலூர் முதுநகரிலிருந்து ரோஸ்லின் அக்கா கூப்பிட்டார். கடல் வந்து போனதிலிருந்து வீட்டு போர்வெல் தண்ணீரில் உப்பு. கணவர் ஆரோக்கியசாமி, போட் இன்ஜின் மெக்கானிக், சிறுநீரகக் கல்லோடு படுத்திருந்தார். நிறையத் தண்ணீர் குடித்தால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரோ ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவிடுவார்.

மணல்

நான் போவதற்குள் யாரோ சொன்னதைக் கேட்டு, டிரம்மில் கூழாங்கல்லும் மணலும் அடுக்கி வைத்திருந்தார்கள். மணல் கலங்கலை நிறுத்தும், கரைந்த உப்பை நிறுத்தாது என்றேன். அக்கா ஒரு டம்ளர் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார்.

"பாக்கறதுக்குக் கண்ணாடியாட்டம் இருக்கு தம்பி. வாயில வச்சாத்தான் கடல்."

கேண்டில்

அடுத்த தடவை, நாத்தனார் அனுப்பிய எவர்சில்வர் ஃபில்டர் நின்றது. உள்ளே வெள்ளைப் பீங்கான் கேண்டில். அது கிருமியை நிறுத்தும், அவ்வளவுதான். உப்பு அதில் ஒட்டிக்கொண்டு அடைக்கிறது என்று அக்காவுக்கு எண்ணம். தினமும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் தேங்காய் நாருமாகத் தேய்த்ததில், கேண்டில் அப்பளமாய் இளைத்து ஒரு பக்கம் ஓட்டையே விழுந்துவிட்டது. இனிமேல் கிருமிக்கும் தடையில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்ததைப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது.

"நான் தேய்க்கறதுல ஒண்ணும் கொறையில்ல தம்பி. அவுருதான் இன்னமும் துப்பிடறாரு."

கரி

உப்பை நிறுத்த, மெல்லிய சவ்வால் வடிகட்டும் மெம்பரேன் மெஷின் ஒன்றுதான் வழி. அது சென்னையிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று எங்கள் முதலாளிக்கே தெரியாது. சும்மா இருக்க மனசு கேட்காமல் ஒரு கரி ஃபில்டரை மாட்டினேன். போர் தண்ணீரின் அழுகல் வாடை அன்றைக்கே போய்விட்டது. ஆரோக்கியசாமி ஆசையாக ஒரு மடக்கு குடித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்.

"முன்னெல்லாம் நாத்தத்துலயே தெரிஞ்சிரும். இப்ப குடிச்சப்பறம்தான் ஏமாந்தது தெரியுது."

மெம்பரேன்

மெஷின் வந்தபோது மழைக்காலம். முதல் டம்ளரை முழுசாகக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார் மனிதர். அக்கா அடுப்படிக்குள் போய் அழுதார். நானும் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன்.

சர்வீஸுக்கு மறுபடி போனபோது ஆரோக்கியசாமிக்கு முகமும் காலும் வீங்கியிருந்தன. தண்ணீர் குடிக்காத அத்தனை மாதத்தில் கல் அடைத்து, இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டதாம். உடம்பில் நீர் தங்குவதால், இனி தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று அதே டாக்டர் சொல்லிவிட்டார். ஆரோக்கியசாமி கட்டிலில் படுத்தபடி மெஷின் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மருந்து பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சொம்பை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இப்பத்தான் கேட்டுக் கேட்டுக் குடிக்கறாரு தம்பி. நாந்தான் குடுக்க முடியாம ஒளிச்சு வெக்கறேன்."

எந்த ஃபில்டர் எதை நிறுத்தும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், நேரத்துக்கு வந்து சேருமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.