அண்ணன் அடுப்பை அணைத்த தட்டுக்காரி

தட்டுக்காரி என்ற பெயரை அண்ணி முதன்முதலில் கேட்டது, ரொட்டிக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில். ரொட்டி வாங்க வந்த தையல்காரர், "மாடியில வெச்ச தட்டைக் காணோம்னு தட்டுக்காரி கத்திக்கிட்டு வர்றா. யாராவது எடுத்திருந்தா குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாத்திரம் விற்கிற யாரோ என்று நினைத்தாள் அண்ணி. மூச்சிரைக்கக் கடைக்குள் நுழைந்ததோ அவளுடைய சொந்த நாத்தனார். அந்தத் தட்டு அப்போது அண்ணியின் கையில் பளபளவென்று துலங்கிக்கொண்டிருந்தது.

"அய்யோ அண்ணி! ஒரு வாரச் சாம்பலைக் கழுவிட்டீங்களே!"

"அழுக்காக் கிடந்துச்சு, கழுவினேன். நான் வந்து நாலு நாள் ஆகல, அதுக்குள்ள நாத்தனார் வேலையைக் காட்டுறியே!"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்தார்கள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஒட்டியவர்கள்தான்.

தட்டுக்காரி ரொட்டிக்கடைக்காரரின் ஒரே தங்கை. நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அண்ணனுக்கும் அவளுக்கும் வயசு வித்தியாசம் அதிகம், அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவரே அவர்தான். தெருக்கோடியில் இருந்த எரிமலை ஆய்வு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஊர் மாடிகளில் தகரத் தட்டு வைத்து, மலை துப்புகிற சாம்பலைப் பிடித்து, காகிதத்தில் மடித்து, எந்த மாடி என்று எழுதி, அங்கிருந்த ஆய்வாளர் அம்மாவிடம் சேர்க்க வேண்டும். வெயிலானாலும் மழையானாலும் மாடிப்படி ஏறுவாள். "பிச்சைக்காரி கூட ஒரு தட்டுதான் வெப்பா" என்று கேலி செய்தவர்களிடம், "எனக்குப் போடுறவரு பெரிய ஆளு, ஒரு தட்டு பத்தாது" என்பாள்.

அண்ணனும் தங்கையும் பிறந்தது வேறொரு எரிமலையின் அடியில். கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி அகலமாகப் படுத்துக் கிடக்கும் மலை அது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அது பொங்கியது. தீக்குழம்பு தண்ணீராக ஓடினாலும் சமவெளிக்கு வந்ததும் ஆமையாகிவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் சாமான்களை ஏற்றி, வாசல் கதவையும் கீலோடு கழற்றி வண்டியில் போட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். அந்தக் கதவுதான் இப்போது கடைக்கு வாசல் கதவு. வருகிறவர்களிடம் எல்லாம் அதைத் தட்டிக் காட்டி இந்தக் கதையைச் சொல்வார். மலைத்தீயைக் கண்ணால் பார்த்த மனுஷர் என்று தெருவில் அவருக்குத் தனி மரியாதை. காலையில் அவர் கடைப் புகைபோக்கியில் புகை வந்தால் ஊருக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

இந்த ஊர் மலையோ ஈட்டி மாதிரி செங்குத்தாக நின்றது. ஒரு வருஷம் அது இருமத் தொடங்கியது. தட்டில் விழுந்த சாம்பல் வரவர வெளுத்து, கண்ணாடித் தூள் போல மின்னியது. ஆய்வாளர் அம்மா அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உள்ளே வருகிற குழம்பில் சிலிக்கா கூடிவிட்டது என்றார். மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற அதே சரக்கு. அது கூடக் கூடக் குழம்பு கெட்டியாகும், உள்ளே இருக்கிற வாயு வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

பிறகு ஒரு நாள் மலை சட்டென்று அடங்கியது. தெரு பெருமூச்சு விட்டது. அலுவலக வண்டி மட்டும் ஒலிபெருக்கியில், "எல்லாரும் உடனே கிளம்புங்க" என்று கத்திக்கொண்டு போனது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோருடைய கண்ணும் புகைபோக்கி மேலேயே இருந்தது. புகை வந்துகொண்டிருந்தது.

தட்டுக்காரி கடைக்குள் வந்தாள்.

"அண்ணா, கிளம்பு. நீ கிளம்பினாத்தான் தெரு கிளம்பும்."

"மலைதான் அடங்கிடுச்சே!"

"அடங்கல, வாய் அடைச்சிருக்கு."

"எனக்கே மலையைப் பத்திச் சொல்றியா? தீ வரட்டும். அது தெருமுனைக்கு வர்றதுக்குள்ள மாவு மூட்டையோட நடந்துடலாம். உன்னையும் அப்படித்தானே தூக்கிட்டு வந்தேன்?"

அவள் அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கைக்குக் கீழே பெரிய தழும்பு. ஜாம் காய்ச்சும்போது பட்டது. பச்சைப்புண்ணாக இருந்தபோது தினமும் கட்டு மாற்றிவிட்டது அண்ணிதான்.

"இது தண்ணி கொதிச்சுப் பட்டதா?"

"ஜாம் தெறிச்சது."

"தண்ணியாக் கொதிச்சப்போ ஏன் தெறிக்கல?"

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

"கெட்டியானதும் மேலே ஒண்ணுமே தெரியல, அமைதியா இருக்குன்னு தானே குனிஞ்சு பார்த்தே? நாம பொறந்த ஊர் மலை தண்ணி, அண்ணா. இது ஜாம்."

தழும்பைத் தடவியபடி நின்றார். ஆனாலும் பிடிவாதம் விடவில்லை. "சரி, காலையில இந்த மாவைச் சுட்டு எடுத்துட்டுப் போயிடலாம்."

தங்கை அடுப்பைப் பார்த்தாள். அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு மாவு பிசைய வைத்திருந்த தண்ணீர் வாளியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

தங்கை அதைத் தூக்கி அடுப்புக்குள் ஒரே வீச்சு. சூடேறிக் கிடந்த செங்கல் தளம் படீரென்று பிளந்தது. கடை முழுக்க ஆவி. "என் அடுப்பு!" என்று அவர் அலறியது தெருவுக்கே கேட்டது. புகை நின்றதைப் பார்த்ததும் தையல்காரர் முதல் ஆளாக மூட்டை கட்டினார்.

ரொட்டிக்கடைக்காரர் கோபத்தோடு திருப்புளியை எடுத்துக்கொண்டு கதவைக் கழற்றப் போனார்.

"கதவு வேண்டாம்ணா. கதவு கழட்டுற நேரமெல்லாம் அந்த மலை குடுக்கும். இது குடுக்காது" என்றாள். அவர் திருப்புளியை வீசி எறிந்துவிட்டு வண்டியில் ஏறினார்.

தூரத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். மலை பூனை மாதிரி சும்மா கிடந்தது. "மலை வெடிக்கல, என் அடுப்புதான் வெடிச்சுது" என்று அவர் ஆள் ஆளுக்குச் சொன்னார். தங்கைக்கு முகம் கொடுக்கவில்லை. திரும்பிப் போகலாம் என்று பேச்சு கிளம்பியது. அவள் யாரிடமும் வாதாடவில்லை, பள்ளிக்கூட மாடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு பட்டப்பகலில் மலையின் தலை பறந்தது. குழம்பு ஓடிவரவே இல்லை. சூடான சாம்பல் மேகம் சரிவில் உருண்டு இறங்கியது. எந்த வண்டியும் அதை முந்தியிருக்காது. ரொட்டிக்கடைக்காரர் பார்த்த நெருப்பில் இது சேர்த்தியே இல்லை. தெரு இருந்த இடம் மூடிப்போயிற்று. தெருக்காரர்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூட வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தங்கையிடம் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரிலேயே புதுக்கடை போட்டு அடுப்பு கட்டியபோதுதான் கொத்தனாரிடம், "தண்ணி வாளியைத் தூர வையுப்பா, என் தங்கச்சி வர்றா" என்றார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தட்டுக்காரி இப்போது அந்தக் கடைக்கு மேலே, மாடி அறையில் குடியிருக்கிறாள். முட்டி வலியால் ஊர் மாடிகளுக்குப் போவதில்லை. சொந்த மாடியில் மட்டும் ஒரு தட்டு வைத்திருக்கிறாள்.