நாகஜோதி விட்ட முதல் ரிங்

காரைக்குடி செக்காலை ரோட்டில் பம்புசெட் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் முத்தரசுவிடம் நாகஜோதி வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் அந்தக் கடைக்கு மெக்கானிக்காக இருந்தவன் அவள் புருஷன் பெத்தன். ஒத்தாசைக்குக் கூடப் போய்ப் போய், ஸ்டார்ட்டரைப் பிரித்து மாட்ட அவளும் கற்றிருந்தாள். பெத்தன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது, காரியம் முடிந்த கையோடு முத்தரசு வீட்டுக்கு வந்து அவனுடைய டூல்ஸ் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"நீ என் கூடப் பொறக்காத தங்கச்சி. அழுதுக்கிட்டே உக்காந்திருந்தா புள்ளைகளை யாரு பாக்குறது? கடைக்கு வா" என்றான்.

பொம்பளை மோட்டார் மாட்டுவதா என்று சிரித்தவர்கள் உண்டு. குழாயில் தண்ணீர் கொட்டியதும் வாயை மூடிக்கொண்டார்கள். பையை நீட்டிய அந்தக் கைக்காகக் கடைசிவரை நன்றியோடு இருப்பது என்று நாகஜோதி முடிவு செய்திருந்தாள். அப்படியே இருக்கவும் செய்தாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

சில வருஷங்களாகக் கடையில் நன்றாக ஓடியது செல்போன் ஸ்டார்ட்டர். பம்புசெட் சுவரில் மாட்டுகிற பெட்டி. உள்ளே ஒரு சிம் கார்டு. வீட்டில் இருந்தபடியே அந்த நம்பருக்கு ரிங் விட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு ரிங் விட்டால் நிற்கும். மும்முனைக் கரண்டு நேரங்கெட்ட நேரத்தில் வருகிற சீமை இது. பாம்பு பூச்சிக்குப் பயந்து வரப்பில் நடக்கிறவனுக்கு அந்தப் பெட்டி குலதெய்வத்துக்கு அடுத்தபடி.

மாசி மாதம் முத்தரசு குடோனில் இருந்த பெட்டிகளையெல்லாம் எடுத்து வெளியே வைத்தான். "இதைப் பூராம் உங்க ஊருப்பக்கம் கொண்டு போ ஜோதி. அங்குட்டு நீ சொன்னா மறுபேச்சு கிடையாது" என்றான். அவளுக்குப் பிறந்த ஊர் கண்டரமாணிக்கம். முதலாளி வாயால் இப்படி ஒரு வார்த்தை வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் சொன்னது பொய்யும் இல்லை. எக்ஸ்எல் வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் போய் நின்றால் போதும், விலை கேட்காமல் வாங்கினார்கள். மாட்டி முடித்ததும் முதல் ரிங்கை அவள்தான் விடவேண்டும். "ஒன் கை ராசியான கை தாயி, நீயே ஆரம்பிச்சு வையி" என்பார்கள். பெத்தனை நினைத்துக்கொண்டு அவள் போனை அமுக்குவாள். மோட்டார் உறுமும், தண்ணீர் பாயும். அண்ணன் வீரபாண்டியன் கிணற்றிலும் அவள்தான் விட்டாள். அண்ணனுக்கு முழங்கால் தேய்ந்து போயிருந்தது. கண்மாய்க்கரையைத் தாண்டிக் கிணற்றுக்குப் போய்வருவதே பெரும்பாடு. இனி அந்தப் பாடு இல்லை என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனி மாதம் பெட்டிகள் எல்லாம் ஒன்றுபோல நின்றுவிட்டன.

அந்த வயல்களுக்கு எட்டுகிற டவர் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கம்பெனி பழைய டூஜி சிக்னலை நிறுத்திவிட்டு ஃபோர்ஜி மட்டும் போதும் என்று மாறிக்கொண்டது. போன் வைத்திருந்தவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வீடியோ முன்னைவிட வேகமாக ஓடியது. டூஜியைத் தவிர வேறெதுவும் அறியாத பெட்டிகள் மட்டும் செவிடாகிப் போயின. நாகஜோதி சிம்மை மாற்றிப் பார்த்தாள், ஏரியலை மூங்கிலில் கட்டி உயரத் தூக்கிப் பார்த்தாள். எந்த நம்பருக்கு அடித்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் வந்தது.

"கம்பெனிக்காரன் பண்ணுன கூத்து. நமக்கே தெரியாம நடந்துபோச்சு, நாம என்ன செய்ய?" என்றான் முத்தரசு. அவள் நம்பினாள். வீடு வீடாகப் போய் அதையே சொல்லிவிட்டும் வந்தாள்.

ஆவணியில், மானகிரியில் இருக்கும் முத்தரசுவின் தென்னந்தோப்பில் மோட்டார் வால்வு பழுது என்று அவளை அனுப்பினான். மோட்டார் ரூமுக்குள் நுழைந்தவள் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். அதே கம்பெனிப் பெட்டி. ஆனால் ஃபோர்ஜி. மேலே தூசி படிந்து, பல்லி எச்சம் விழுந்து, பழசாகவே ஆகியிருந்தது.

"இது எப்ப மாட்டுனது?" என்று தோப்புக் காவலுக்கு இருந்த இராமுவிடம் கேட்டாள்.

"பொங்கலுக்கு முன்னாடியே மாத்திட்டாகளே. டவரு மாறப் போகுது, பழசு வேலைக்காகாதுன்னு மொதலாளிதான் சொன்னாக."

பொங்கலுக்கு முன்னாடி! அவள் ஊருக்குப் பெட்டியைச் சுமந்தது மாசியில். வால்வை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள்.

முத்தரசு மறுக்கக்கூட மெனக்கெடவில்லை. "யாவாரத்துல இதெல்லாம் சகஜம் ஜோதி. ஸ்டாக்கை வச்சுக்கிட்டு நான் அழுகவா?"

"அதுக்கு எங்க ஊருதான் கிடைச்சுச்சா?"

"வேற எங்குட்டுப் போவும்? ஒன் மொகத்துக்குத்தானே வாங்குவாக."

கூடப் பிறக்காத தங்கச்சியாம்! நம்ப வைத்துக் கழுத்தை அறுக்கிறவனுக்குத் தங்கச்சி ஒரு கேடு. டூல்ஸ் பையை அவன் மேஜையில் வீசிவிட்டு வரத்தான் நினைத்தாள். பை பெத்தனுடையது, அதை எதற்கு இவனிடம் விடுவது என்று தோளில் மாட்டிக்கொண்டு, நேரே அண்ணன் வீட்டுக்கு வண்டியை விட்டாள்.

வீரபாண்டியன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். தோப்பில் பார்த்தது, கடையில் கேட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஏண்ணே ஒண்ணும் பேசாம இருக்கீக? ரெண்டு அறை அறைஞ்சாக்கூட வாங்கிக்கிறேன்."

"பேச என்னத்தா இருக்கு? பெட்டி நின்னப்பவே காரைக்குடியில வேற கடையில விசாரிச்சுட்டேன். டவரு மாறப்போற சேதி கடைக்காரவுகளுக்கெல்லாம் மார்கழியிலேயே தெரியும்னாக."

"பெறகு ஏண்ணே எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டு என்ன ஆகப்போகுது? ரெண்டு புள்ளைகளை வச்சுக்கிட்டுத் தனியாக் கெடக்க. மொதலாளி சொன்னா நீயும் செஞ்சுதானே ஆகணும். ஒன் பொழப்பு கெட்டுறக் கூடாதுன்னு ஊருக்குள்ள மூச்சு விடல."

அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆனியில் இருந்து இந்த மனுஷன் கண்மாய்க்கரையில் நொண்டி நொண்டிப் போய்வந்தது, தங்கச்சி தெரிந்தேதான் தன்னை ஏமாற்றினாள் என்று எண்ணிக்கொண்டு. அப்படி எண்ணிக்கொண்டேதான் ஆடியில் சாமி கும்பிட அவளைக் கூப்பிட்டான், சேலை எடுத்துக் கொடுத்தான்.

"எனக்குத் தெரியாதுண்ணே. புள்ளைக மேல சத்தியமா எனக்குத் தெரியாது."

"சரித்தா, தெரியாது. சத்தியமெல்லாம் எதுக்கு, விடு. தோப்பு கீப்புன்னு எங்கிட்ட நீ கதை சொல்லணுமா?" என்றவன் உள்பக்கம் திரும்பி, "காளியாயி, ஜோதிக்குச் சோத்தைப் போடு" என்று பெண்டாட்டியிடம் சொன்னான்.

முத்தரசுவின் முன்னால் வராத அழுகை, அண்ணி வந்து தட்டை வைத்தபோது வந்தது. செய்த பாவத்தை நினைத்து அழுகிறாள் என்று எண்ணி, வீரபாண்டியன் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.