பெட்டியில் கிடந்த பச்சைப் பட்டு

எங்கள் அத்தை யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். பால்காரர் பால் ஊற்றினால் படியின் அடிப்பாகத்தை உற்றுப் பார்ப்பாள். சிவாஜிநகர் கறிக்கடையில் தராசு தூக்கினால் முள்ளைப் பார்க்கமாட்டாள், கடைக்காரரின் சுண்டுவிரலைப் பார்ப்பாள். கோயிலில் கொடுக்கும் திருநீற்றைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் பூசுவாள். அப்படிப்பட்டவள் கட்டிய புருஷனை மட்டும் விட்டுவைப்பாளா?

அந்தப் புருஷன் என் அம்மாவின் அண்ணன். பெங்களூரில் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பங்களாவில் பட்லராக இருந்தார். பங்களாவின் சொந்தக்காரர் சமஸ்தானக் காலத்தில் பெரிய பதவி வகித்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு நாட்டில் தூதராக இருந்துவிட்டு ஓய்வு பெற்று வந்திருந்தார். மாமா அவரை ‘எங்க ஐயா’ என்றுதான் சொல்வார். அந்த வீட்டு அலமாரிகளின் சாவிக் கொத்து மாமாவின் இடுப்பில் தொங்கும். ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துக்குள் முதலில் சாவிச் சத்தம் வரும், பிறகுதான் மாமா வருவார். அந்தக் கொத்துதான் தன் சக்களத்தி என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நிஜமான சக்களத்தி ஒருத்தி இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அவளுக்கு வந்தது ஒரு கார்த்திகை மாதத்தில்.

வீடு கழுவ மாமாவின் தகரப் பெட்டியை நகர்த்தியவள், சும்மா இருக்காமல் திறந்தும் பார்த்துவிட்டாள். பழைய கோட்டுகளுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பட்டுத் துணி. கரும்பச்சை நிறம். இரண்டு ஓரங்களிலும் மெல்லிய வெள்ளைக் கோடு. அகலம் என் கை விரல்களை விரித்தால் அடங்கிவிடும். நீளம் மட்டும் ஏகத்துக்கு இருந்தது. இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் பூப்போல் ஒரு முடிச்சு. அத்தை வழக்கம்போல் மூக்கருகே கொண்டுபோனாள்.

“செண்டு வாசனடீ!” என்றாள், பக்கத்து வீட்டிலிருந்து எப்போதும்போல் வந்து உட்கார்ந்திருந்த என்னிடம். “புடவையும் இல்ல, தாவணியும் இல்ல. இது கவுனுக்கு மேல இடுப்புல கட்டுறது.”

பங்களாவில் ஓர் ஆயா இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கவுன் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போவாள். அத்தைக்கு அது போதும். பட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மாமாவைக் கண்காணிக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தாள். எனக்கு எட்டு வயது. கூலி பொரி உருண்டை. அதைவிட உயர்ந்த உத்தியோகம் அந்த வயதில் எனக்குத் தெரியாது.

ஒருநாள் காலையில் அத்தை குழாயடிக்குப் போயிருந்தபோது ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மாமா பெட்டியைத் திறந்து பட்டை எடுத்தார். பனியனுக்கு மேல், வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குக் குறுக்காக மாட்டிக்கொண்டார். சவரக் கண்ணாடி முன் விறைப்பாக நின்றார். பிறகு லேசாகக் குனிந்து, கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டிச் சிரித்தார். வீட்டில் மாமா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன்.

“யாரப் பாத்துச் சிரிச்சாரு?”

“கண்ணாடிய.”

“கண்ணாடியவா பாத்தாரு? அந்த ஆளு மனசுல இருக்கிறவளப் பாத்திருக்காரு,” என்றாள் அத்தை. அன்று அவள் சாப்பிடவில்லை. இருந்தாலும் எனக்குச் சேரவேண்டிய பொரி உருண்டை வந்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் போட்ட திட்டம் இருக்கிறதே, போலீஸ்காரர்களுக்குக்கூடத் தோன்றாது. பொங்கலுக்கு எனக்குத் தைத்த பாவாடையின் அடியில், முடிச்சைப் பிரித்துவிட்டு, அந்தப் பட்டையே சுற்றிலும் கரையாக வைத்துத் தைத்தாள். “இத்தக் கட்டிக்கினு எங்கூட பங்களாவுக்கு வா. யார் மூஞ்சி கறுக்குதுன்னு பாக்கறேன்,” என்றாள். பொங்கல் தூக்கு ஒரு கையில், நான் மறு கையில். இருவருமாகப் புறப்பட்டோம்.

ஐயா தோட்டத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆயாதான் முதலில் எதிரே வந்தாள். என் பாவாடையைப் பார்த்தாள். அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள்.

“கரை நல்லா இருக்கேக்கா, எந்தக் கடையில வாங்கினீங்க?” என்றாள் ஆயா.

அத்தையின் திட்டம் அந்த இடத்திலேயே புஸ்ஸென்று போய்விட்டது. ஆனால் டீ தட்டோடு வந்த மாமா என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தட்டில் கோப்பைகள் கடகடவென்று ஆடின. அந்தச் சத்தத்தில் ஐயா திரும்பினார். மாமாவைப் பார்த்தார், பிறகு மாமா பார்த்த இடத்தைப் பார்த்தார்.

“இங்க வாம்மா,” என்று என்னை அழைத்துக் கரையைத் தொட்டுப் பார்த்தார். “இது யார் தச்சது?”

“நாந்தாங்க,” என்றாள் அத்தை, கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பட்டு என்னவென்று அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது. ஐயா தூதராக இருந்த நாடு, மந்திரிகளுக்கும் தூதர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் மட்டும் கொடுக்கும் தேசிய விருது ஒன்று உண்டாம். அதில் ஒரு பதக்கம், ஒரு நட்சத்திரம், மார்பின் குறுக்கே அணிய ஒரு பட்டுப் பட்டை. அந்த நாட்டுத் தலைவர் அடுத்த வாரம் பெங்களூருக்கு வருகிறார். விருதை அணியாமல் அவர் முன்னால் நிற்பது அவமரியாதை. அன்று காலையில்தான் ஐயாவுக்கு அழைப்பு வந்திருந்தது. பட்டையை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அது பெட்டியில் பத்திரமாக இருப்பதாக நினைத்து, மாலையில் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று மாமா இருந்திருக்கிறார்.

“இது எப்படி உன் வீட்டுக்குப் போச்சு?”

“பூச்சி அரிச்சிரும்னு வெயில்ல போட எடுத்துட்டுப் போனேங்க ஐயா.”

ஐயா தலையைத் திருப்பித் தோட்டத்தைப் பார்த்தார். புல்தரை முழுக்க வெயில் காய்ந்தது. எங்கள் சந்தில் உச்சிப் பொழுதில் ஒரு கீற்று விழுந்தால் அதிசயம்.

“சாவிய வச்சிட்டுப் போ,” என்றார். குரலை உயர்த்தவில்லை.

மாமா இடுப்பிலிருந்து கொத்தை அவிழ்த்து, டீ தட்டில் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். கைக்குழந்தையை இறக்கிவைப்பதுபோல் அவ்வளவு மெதுவாக வைத்தார். வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சாவிக் கொத்து ஆயாவிடம்தான் இருந்தது.

சமையலறையில் நான் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்க, அத்தை உட்கார்ந்து தையலைப் பிரித்து, முடிச்சையும் பழையபடி தைத்துக் கொடுத்தாள். என் பொங்கல் பாவாடை கரையில்லாமல் மொட்டையாகிவிட்டதே என்று நான் வழியெல்லாம் அழுதேன். அத்தையோ சந்தோஷமாக இருந்தாள். “பொம்பள விவகாரம் இல்லடீ, வெறும் பட்டு!” என்று நடுவீதியில் நின்று சிரித்தாள். அன்றிலிருந்து மாமா சத்தமில்லாமல் சந்துக்குள் வர ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் பத்திரிகையில் படம் வந்தது. மளிகை சுற்றிவந்த தாளில் நான்தான் முதலில் பார்த்தேன். ஐயா கோட்டின் மேல் குறுக்காகப் பட்டை அணிந்து, லேசாகக் குனிந்து, அந்தத் தலைவரிடம் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அத்த, இங்க பாரேன்! ஐயா நம்ம மாமா மாதிரியே பண்றாரு!” என்றேன்.

அத்தை தாளை வாங்கிப் பார்த்தாள். “அன்னிக்கு உன் மாமா கண்ணாடி முன்னால பண்ணத மறுபடி பண்ணிக் காட்டு,” என்றாள். நான் தோளை நிமிர்த்தி, குனிந்து, கையை நீட்டிக் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். “இத யார்கிட்டயும் சொல்லாத,” என்றாள். அதற்குக் கூலி எதுவும் தரவில்லை.

மறுநாள் காலையில் நான் போனபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. அத்தை வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உள்ளே மாமா சவரம் செய்துகொண்டிருந்தது கதவிடுக்கில் தெரிந்தது. பெட்டியில் பட்டும் இல்லை, இடுப்பில் சாவியும் இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் தோளில் குறுக்காக ஒரு ஈரத்துண்டுதான். ஜன்னல் பக்கம் போகப் பார்த்தேன். அத்தை என் பாவாடையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். அதற்கப்புறம் தினமும் அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள்.

அத்தைக்கு மாமா மேல் இன்னும் சந்தேகம் தீரவில்லை, அதனால்தான் இப்படிக் காவல் காக்கிறாள் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.