கூரை மட்டும் தெரியும் வரைபடம்

வெள்ளம் வடிந்ததும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, இடிந்த வீட்டுக்குச் சிவப்பு, நல்ல வீட்டுக்குப் பச்சை என்று புள்ளி வைப்பது என் வேலை. சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் வரதய்யபாளையம் பக்கத்து ஊர்களுக்கும் நான்தான் வைத்தேன்.

இன்று ஊருக்குப் போகும் பஸ்ஸில், நிவாரணம் கேட்டு எம்.ஆர்.ஓ. எனும் தாசில்தார் ஆபீஸ் போய்விட்டு வந்த ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மேப்புல பச்சையா கீதாம். ‘மீ இல்லு பாகுந்தி’, வீடு நல்லாத்தான் கீதுன்னு அனுப்பிட்டாங்க. நாளைக்கும் போவணும்.”

“வீடு நல்லா இருந்தாத்தான்க்கா பச்சை வரும்” என்றேன், தெரிந்தவன் தோரணையில்.

போனில் ஒரு போட்டோ காட்டினார். நாலு மண்சுவரும் கரைந்து, ஓலைக்கூரை மட்டும் முழுசாகத் தரையில் உட்கார்ந்திருந்தது.

“மேலேர்ந்து பாக்கறவனுக்கு இன்னா தெரியும் தம்பி? நீ இன்னா வேல பண்றே?”

“கம்ப்யூட்டர் வேலைக்கா.”

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். அவர் இறங்கிய ஊர் முழுக்க நான் வைத்த பச்சை. எந்தக் கூரைக்குக் கீழே சுவர் இருக்கிறது என்று மேலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

“நேரில் போய்ப் பார்” என்று எழுதப்போகிறவர்களுக்கு: நாளைக்கும் அதே பஸ்ஸில் அந்த அக்கா வருவார்; என்ன வேலை என்று மறுபடி கேட்பார்.