ரோஜா வெட்டிய கவுன்

லியோட்டா துணி வெட்டுவதைப் பார்க்கிற யாருக்கும் வயிறு எரியும். துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்கும் மற்ற பெண்கள் துணியின் ஓரத்தில் ஆரம்பித்து வரிசையாக வெட்டுவார்கள், ஒரு விரற்கடை வீணாகாது. லியோட்டா அப்படியல்ல. நடுவில் ஓட்டை போட்ட அட்டை ஒன்றைத் துணிமேல் நகர்த்திக்கொண்டே போவாள். அச்சிட்ட சேவல் அந்த ஓட்டைக்குள் கொண்டை முதல் வால் வரை சரியாக வந்து உட்கார்ந்தால்தான் பென்சிலைத் தொடுவாள். பிறகு தையலுக்குக் கொஞ்சம் விட்டு, நட்டநடுத் துணியில் கத்தரியை இறக்குவாள். அடுத்த சேவல் எங்கே நிற்கிறதோ அங்கே அடுத்த ஓட்டை. வாங்கி வந்த புதுத் துணி மதியத்துக்குள் சல்லடையாகிவிடும். அயோவாவில் எங்கள் சோளக்காட்டுக்காரர்கள் கந்தலைக்கூடத் துவைத்து மடித்து வைக்கிறவர்கள். அவர்கள் நடுவில் இப்படி ஒருத்தி.

அவள் புருஷன் வெர்லினுக்கு இது வாழ்நாள் முழுக்கக் கேலிப்பொருள் ஆயிற்று. தேவாலயத்தில் காப்பி குடிக்கும்போது எல்லார் காதிலும் விழும்படி சொல்வான்: "எங்க வீட்டுல எலிப்பொறி வச்சா என் பொண்டாட்டிதான் மாட்டுவா."

"வாய மூடிட்டுக் காப்பியக் குடி," என்பாள் லியோட்டா.

ஆனால் டவுனுக்குப் போனால் பெரிய பெரிய படம் போட்ட துணியாகத் தேடி வாங்கி வருகிறவனும் அவன்தான். "இந்தா, கடி," என்று மேசைமேல் போடுவான்.

அந்த வெர்லினுக்குத்தான் மறதி வந்தது. முதலில் டிராக்டர் சாவி, பிறகு வீட்டுக்கு வரும் வழி, பிறகு மகன் டேலின் பெயர். அறுவடைக்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலையில் சோளக்காட்டுக்குள் நடந்து போய்விட்டான். ஆள் உயரத்துக்கு மேல் சோளம். அக்கம்பக்கத்தார் எல்லாரும் சேர்ந்து தேடித்தான் கூட்டி வந்தார்கள்.

"டவுன்ல முதியோர் இல்லத்துல சேத்துடலாம்மா," என்றான் டேல். "நீ ஒத்த ஆளு என்ன பண்ணுவ?"

"ஒரு போர்வை தைக்கிறேன், அது முடியட்டும்," என்றாள் லியோட்டா. "அவனுக்குத் தெரிஞ்ச படமா வெட்டி வைக்கப்போறேன். அதப் பாத்துட்டு உங்கப்பா என்னை யாருன்னு சொல்லிட்டா, அப்புறம் நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

டேல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, சரி என்றான்.

சமையலறைத் திரையிலிருந்து சேவல் வந்தது. டேல் சின்ன வயதில் போட்ட சட்டையிலிருந்து டிராக்டர். ஏதோ ஒரு பழைய மேசை விரிப்பிலிருந்து, செத்துப்போன அவர்கள் நாய் ஷெப்பின் சாயலில் ஒரு பழுப்பு நாய். போர்வையின் நடுவில் தன் அடையாளமாக ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்தாள். பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் கவுனை எடுத்தாள். இருவரும் முதன்முதலாகச் சந்தித்த ஊர்ச் சந்தை நடனத்தில் வெர்லின் அவள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்ட அன்று போட்டிருந்தது. அதில் பெரிய சிவப்பு ரோஜாக்கள். எல்லாவற்றையும் வெட்டிய கை அதை மட்டும் இத்தனை காலம் தொட்டதில்லை.

"அதுல கை வைக்காத," என்றாள் தேவாலயத்தில் கூடவே தைக்கும் ஆர்டித். "போனா வராது."

"அவனுக்கே ஞாபகம் இல்லாத கவுன நான் யாருக்குடி வச்சிருக்கணும்?"

முழு ரோஜா நெஞ்சுப் பக்கத்தில்தான் இருந்தது. அட்டையை அதன்மேல் வைத்து, இதழ் ஒன்றுகூடத் தையலுக்குள் போகாது என்று பார்த்துக்கொண்டு வெட்டினாள். அதற்குப் பிறகு வேலை ஆமை வேகத்தில் நடந்தது. நேராக இருந்த தையலையெல்லாம் கோணல் என்று சொல்லிப் பிரித்து மறுபடி தைத்தாள். போர்வை முடிந்தால் என்ன வரும் என்று ஆர்டித்துக்குத் தெரியும்; அவளும் கூட உட்கார்ந்து தையலைப் பிரித்துக் கொடுத்தாள். வெளியே சோளம் அறுத்து முடிந்து, நிலம் வெறும் தட்டையாகக் கிடந்தது.

கடைசியில் போர்வையும் முடிந்தது. டேல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதை வெர்லினின் மடியில் விரித்தாள். அவன் விரல் மெல்ல நகர்ந்தது.

"சேவல்," என்றான். பிறகு, "டிராக்டர். இதுக்கு கிளட்ச் சரியில்ல." நாயிடம் வந்ததும் முகம் மலர்ந்தது. "ஷெப்."

லியோட்டா இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் விரலைப் பிடித்து நடுவில் வைத்தாள்.

"பூ," என்றான்.

"யாரோட பூ?"

அவன் யோசித்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "நல்லாத் தைச்சிருக்கீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவர்."

டேல் எழுந்து வெளியே போய்விட்டான். லியோட்டா போர்வையை மடித்தாள். வேறென்ன செய்வாள்? அழுகைகூட வரவில்லை.

மறுநாள் இல்லத்துக்குக் கொண்டுபோக அவன் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் அந்த மஞ்சள் கவுன் கிடந்தது. வெர்லின் அதை எடுத்துப் புரட்டினான். நெஞ்சில் இருந்த ஓட்டைக்குள் கையை விட்டு விரல்களை ஆட்டிப் பார்த்தான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"இது என் பொண்டாட்டி வேல," என்றான். "எலி. நல்ல துணியா ஒண்ணு இருக்க விடமாட்டா."

"வெர்லின், நான்தான். லியோட்டா. நான்தான் வெட்டினேன்."

"நீங்க ஏன் பழிய ஏத்துக்கறீங்க? எனக்குத் தெரியாதா அவ கைய." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவ இதத் தேடுவா. நானே குடுத்துக்கறேன்."

கவுனைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான். கிளம்பும்போது லியோட்டா போர்வையை அவன் மடியில் வைக்க, "இவங்களோடத இவங்ககிட்டயே குடு," என்று டேலிடம் தள்ளிவிட்டான்.

கூடப் போவதாக இருந்தவள், செருப்பு மாட்டிய பிறகு கால் வராமல் வாசலிலேயே போர்வையோடு நின்றுவிட்டாள். டேல் வண்டியைக் கிளப்பினான். வெர்லின் ஜன்னல் கண்ணாடியை இறக்கி அவளைக் கூப்பிட்டான்.

"அம்மா, அவ வந்தா நான் எங்க போயிருக்கேன்னு கொஞ்சம் சொல்லிடுங்க."

"சொல்றேன்," என்றாள் லியோட்டா.